சென்னா ஓடிப்போய்க் காப்பாற்றிய அந்த ஓட்டுநர்: எரிக் கோமாஸ்

கேள்வி இதுதான்: “பெல்ஜியத்தின் ஸ்பா பந்தயத்தளத்தில் ஃபார்முலா 1 உலகச் சாம்பியன் அயர்டன் சென்னா தன் காரை நிறுத்திவிட்டு ஓடிப்போய் இன்னொரு ஓட்டுநரைக் காப்பாற்றும் வீடியோ பார்த்தேன். அந்த ஓட்டுநர் எரிக் கோமாஸ் என்று போட்டிருந்தது. தேடிப் பார்த்தால் ஃபார்முலா 1-ல் நாலு வருஷம் ஓட்டி மொத்தம் 7 புள்ளிதான் எடுத்திருக்கிறார். இவ்வளவு சுமாரான ஒருவர் எப்படி அங்கே வந்தார்? அப்புறம் என்ன ஆனார்?”

முதலில் அந்த 7 புள்ளியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இன்றைக்கு முதல் 10 இடங்களுக்குப் புள்ளி உண்டு, ஜெயித்தவருக்கு 25. கோமாஸ் ஓட்டிய 1991 முதல் 1994 வரையான காலத்தில் முதல் ஆறு பேருக்குத்தான் புள்ளி: 10, 6, 4, 3, 2, 1. ஏழாவதாக வந்தவருக்கும் கடைசியாக வந்தவருக்கும் ஒரே பூஜ்ஜியம்தான். மெக்லாரன், வில்லியம்ஸ், ஃபெராரி, பெனட்டன் என்று நாலு பெரிய அணிகள். அணிக்கு இரண்டு கார் என்றால் எட்டு கார். அவற்றில் குறைந்தது மூன்று கார்களாவது பழுதாகி நின்றால்தான் பின்வரிசைக்காரர்களுக்கு ஒரு புள்ளி கிடைக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் 59 பந்தயத்தில் 7 புள்ளி என்பது அவ்வளவு கேவலமாகத் தெரியாது. பெருமையான கணக்கும் இல்லைதான். ஆனால் “சுமாரான ஓட்டுநர்” என்று அதை வைத்துத் தீர்ப்பெழுதினால் அது அநியாயம் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

எரிக் கோமாஸ் 1963 செப்டம்பர் 28 அன்று பிரான்சின் தென்கிழக்கில் ரோமான்ஸ்-சுர்-இசேர் என்ற ஊரில் பிறந்தவர். அந்தக் காலத்து பிரான்ஸ், பந்தய ஓட்டுநர்களை வரிசையாக உருவாக்கிக்கொண்டிருந்த நாடு. எல்ஃப் எண்ணெய் நிறுவனம் பணம் போடும், வின்ஃபீல்டு பயிற்சிப் பள்ளி சொல்லிக்கொடுக்கும், அதிலிருந்து ஃபார்முலா ரெனோ, ஃபார்முலா 3, ஃபார்முலா 3000 என்று படிப்படியாக ஏற வழி இருந்தது. (நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 1992-ல் போய்ப் பழகியதும் அதே வின்ஃபீல்டு பள்ளியில்தான்.) கோமாஸ் கார்ட்டிங்கில் தொடங்கி, 1986-ல் ஃபார்முலா ரெனோ பட்டம், 1988-ல் பிரெஞ்சு ஃபார்முலா 3 பட்டம் என்று ஏறி வந்தார். அதற்கு முந்தைய வருஷம், 1987-ல், அதே ஃபார்முலா 3 பட்டத்தை எடுத்தவர் ஜான் அலேசி. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1989-ல் இருவரும் ஃபார்முலா 3000-ல் நேருக்கு நேர் மோதினார்கள். அது ஃபார்முலா 1-க்கு ஒரு படி கீழே, இன்றைய ஃபார்முலா 2 இருக்கும் இடத்தில் இருந்த போட்டி. அலேசி எடி ஜோர்டனின் அணியில், கோமாஸ் டாம்ஸ் அணியில். வருஷக் கடைசியில் ல மான்ஸ் புகாட்டி தளத்திலும் திஜோனிலும் நடந்த இரண்டு பந்தயங்களையும் கோமாஸே ஜெயித்தார். கணக்குப் பார்த்தால் இருவருக்கும் 39 புள்ளி. சமம். ஆனால் அலேசி மூன்று பந்தயம் ஜெயித்திருந்தார், கோமாஸ் இரண்டு. பட்டம் அலேசிக்குப் போனது.

ஒரே ஒரு வெற்றி வித்தியாசம். இதற்கிடையில் வேறொன்றும் நடந்துவிட்டது. அதே 1989-ல், பட்டம் முடிவாவதற்கு முன்பே, ஃபார்முலா 1-ன் டிரெல் அணி அலேசியைப் பிரெஞ்சு கிராண்ட் பிரியில் (ஃபார்முலா 1 பந்தயங்களுக்கு இதுதான் பெயர்) இறக்கியது. முதல் பந்தயத்திலேயே நாலாவது இடம். அடுத்த வருஷம் அமெரிக்காவின் ஃபீனிக்ஸில் அதே டிரெல் காரில் சென்னாவுக்கு முன்னால் ஓடி, சென்னா முந்தியபோது திரும்ப முந்தி, இரண்டாவதாக வந்தார். 1991-ல் ஃபெராரிக்குப் போய்விட்டார். கோமாஸோ 1990-ஐயும் ஃபார்முலா 3000-லேயே கழித்தார். அதை வீணடிக்கவில்லை. நாலு பந்தயம் ஜெயித்து பட்டத்தை எடுத்தார். அந்த வருஷம் அவரோடு அதே களத்தில் இருந்தவர்களில் எடி இர்வைன் ஒருவர், பின்னாளில் ஃபெராரியில் உலகப் பட்டத்துக்கு மிக அருகில் போனவர். ஆலன் மெக்நிஷ் இன்னொருவர், ல மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை மூன்று முறை ஜெயித்தவர். இவர்களையெல்லாம் தாண்டித்தான் கோமாஸ் அந்தப் பட்டத்தை எடுத்தார். எப்படி ஃபார்முலா 1-க்கு வந்தார் என்ற கேள்விக்கு இதுவே பதில். வரவேண்டிய வழியில், தகுதியோடு வந்தார். காசு கொடுத்து இடம் வாங்கியவர் இல்லை.

பிரச்சினை அவர் வந்து சேர்ந்த இடத்தில் இருந்தது.

லிஜியே அணி 1970-களின் கடைசியில் பந்தயங்களை ஜெயித்த அணி. ஜாக் லஃபீத் ஓட்டிய நீல நிறக் கார்கள் பிரான்ஸின் பெருமையாக இருந்தன. நிறுவனர் கி லிஜியே, ஜனாதிபதி மித்தரானின் நண்பர். அரசுக்குச் சொந்தமான புகையிலை நிறுவனத்தின் ஜித்தான் சிகரெட் விளம்பரமும் அரசு லாட்டரி விளம்பரமும் காரில் இருந்தன. பணத்துக்குக் குறைவில்லை. ஆனால் கோமாஸ் வருவதற்கு முந்தைய 1990-ல் அந்த அணி எடுத்த புள்ளி பூஜ்ஜியம். 1991-ல் லம்போர்கினியின் V12 (12 சிலிண்டர்) இன்ஜினைப் போட்டார்கள். சத்தம் அருமையாக இருக்கும், எடை அதிகம், காரும் அதற்கேற்ற மந்தம். அன்றைக்கு 30-க்கும் மேற்பட்ட கார்கள் வரும், 26-க்குத்தான் பந்தயத்தில் இடம். கோமாஸ் முதன்முதலாகப் பெயர் கொடுத்த ஃபீனிக்ஸ் பந்தயத்தில் தகுதிச்சுற்றையே தாண்டவில்லை. அந்த வருஷம் அப்படி மூன்று முறை நடந்தது. வருஷ முடிவில் புள்ளி பூஜ்ஜியம்.

இதில் அவரை மட்டும் குறை சொல்ல முடியாததற்குக் காரணம், பக்கத்துக் காரில் இருந்தவர் தியரி பூட்சன். வில்லியம்ஸ் அணியில் மூன்று கிராண்ட் பிரி ஜெயித்துவிட்டு வந்தவர். முந்தைய வருஷம்தான் ஹங்கேரியில் சென்னாவைக் கடைசிவரை பின்னால் நிறுத்தி வைத்து ஜெயித்திருந்தார். அப்பேர்ப்பட்டவரும் லிஜியேவில் 1991 முழுக்க ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. ஒரு காரை அளக்க இதைவிட நல்ல அளவுகோல் கிடையாது.

1992 ஆரம்பத்தில் நடந்த ஒரு சம்பவத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கோமாஸின் நிலைமை என்ன என்பது அதில் அப்படியே தெரிகிறது. 1991 கடைசியில் அலேன் ப்ரோஸ்ட்டை ஃபெராரி வேலையை விட்டு அனுப்பியது. மூன்று முறை உலகச் சாம்பியன், பிரெஞ்சுக்காரர், கையில் கார் இல்லை. லிஜியேவுக்கோ 1992-ல் ரெனோவின் V10 இன்ஜின் கிடைத்திருந்தது, வில்லியம்ஸ் பயன்படுத்தும் அதே இன்ஜின். பிரெஞ்சு அணி, பிரெஞ்சு இன்ஜின், பிரெஞ்சு எண்ணெய், இனி பிரெஞ்சுச் சாம்பியனும் வந்துவிட்டால் போதும் என்று எல்லோரும் கனவு கண்டார்கள். ப்ரோஸ்ட் பால் ரிகார் தளத்துக்கு வந்து லிஜியே காரை ஓட்டிப் பார்த்தார். ஓட்டுவது யார் என்று வெளியே தெரியக்கூடாது என்பதற்காக அவர் தலையில் மாட்டியிருந்தது எரிக் கோமாஸின் ஹெல்மெட்.

அந்த இடத்தில் கோமாஸை வைத்துப் பாருங்கள். வயது 28. தன் இடத்துக்கே ஆபத்தாக முடியக்கூடிய ஒருவர் தன் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு தன் காரில் சுற்றுகிறார். பேச்சுவார்த்தை வாரக்கணக்கில் இழுத்தது. சீசன் தொடங்கும் நேரத்தில் ப்ரோஸ்ட் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அந்த வருஷம் முழுக்க ஓய்வெடுத்தார். 1993-ல் வில்லியம்ஸில் ஏறி நாலாவது பட்டம் எடுத்தார். கோமாஸின் இடம் தப்பியது. ஆனால் ஒரு அணி ஒரு இளம் ஓட்டுநரைச் சுற்றித் தன்னைக் கட்டிக்கொள்ளாமல், அவர் இடத்தில் வேறு யாரை உட்காரவைக்கலாம் என்று பார்த்துக்கொண்டே குளிர்காலத்தை ஓட்டியது. அது எந்த ஓட்டுநரையும் பாதிக்கும்.

அந்த ரெனோ இன்ஜின் கதையும் வேதனையானதுதான். 1992-ல் அதே இன்ஜினோடு வில்லியம்ஸ் எடுத்தது 164 புள்ளி, லிஜியே எடுத்தது 6. இன்ஜின் மட்டும் இருந்தால் ஒன்றும் நடக்காது என்பதற்கு ஃபார்முலா 1 வரலாற்றிலேயே இதைவிட நல்ல உதாரணம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. வில்லியம்ஸ் காரில் ஏட்ரியன் நியூவியின் காற்றியக்க வடிவமைப்பு, தரையோடு காரின் உயரத்தை எப்போதும் சரியாக வைத்திருக்கும் ஆக்டிவ் சஸ்பென்ஷன் எல்லாம் இருந்தன. லிஜியேவில் இன்ஜின் இருந்தது.

அந்த 6 புள்ளியில் 4 கோமாஸ் எடுத்தது. கனடாவில் ஆறாவது, ஜெர்மனியில் ஆறாவது, நடுவில் பிரான்ஸில் ஐந்தாவது. பிரான்ஸில் வந்த அந்த ஐந்தாவது இடம்தான் அவருடைய ஃபார்முலா 1 வாழ்க்கையின் சிறந்த முடிவு. பந்தயம் நடந்த மன்யி-கோர் தளம் லிஜியேவின் தொழிற்சாலைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, ஆக நிஜமாகவே சொந்த வீட்டுப் பந்தயம். அந்த வாரம் பிரான்ஸ் முழுக்க லாரி ஓட்டுநர்கள் சாலைகளை மறித்துப் போராடிக்கொண்டிருந்தார்கள். ஆண்ட்ரியா மோடா என்ற சின்ன அணி தளத்துக்கு வந்து சேரவே முடியவில்லை. பந்தயமும் மழையில் நிறுத்தப்பட்டுத் திரும்பத் தொடங்கியது. மான்செல், பாட்ரேஸி, ப்ரண்டில், ஹக்கினென், அப்புறம் கோமாஸ். மோசமான வரிசை இல்லை.

இங்கே அவர் குறையையும் சொல்லிவிடுகிறேன். பூட்சனோடு அவருக்கு ஒத்துப்போகவில்லை. ஹங்கேரியில் முதல் சுற்றிலேயே இரண்டு லிஜியேவும் ஒன்றோடொன்று மோதி வெளியே போயின, போகிற போக்கில் வேறு அணிகளின் கார்களையும் இழுத்துக்கொண்டு. முன்வரிசைக் காரில் இருப்பவர் இப்படிச் செய்தால் மன்னிப்பார்கள். பின்வரிசையில் இருப்பவர் செய்தால் அடுத்த ஒப்பந்தம் பேசும்போது அதுதான் ஞாபகம் வரும். அலேசிக்கும் அவருக்கும் இருந்த நிஜமான வித்தியாசமும் இதுதான் என்று நினைக்கிறேன். வேகத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் சாதாரணக் காரில் ஒரே ஒரு நாள் எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைக்கும் வித்தை அலேசியிடம் இருந்தது. கோமாஸுக்கு அப்படி ஒரு ஃபீனிக்ஸ் அமையவே இல்லை.

சரி, ஸ்பாவுக்கு வருவோம். 1992 ஆகஸ்ட் 28, வெள்ளிக்கிழமைப் பயிற்சி. ப்ளான்ஷிமான்ட் என்ற இடதுபக்க வளைவு, சுற்றின் கடைசிப் பகுதியில் வருவது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்காமல் திரும்ப வேண்டிய இடம், மணிக்கு 300 கிலோமீட்டரை ஒட்டிய வேகம். அங்கே கோமாஸின் கார் கட்டுப்பாட்டை இழந்து தடுப்பில் மோதி, தெறித்து, தளத்திலேயே வந்து நின்றது. அவருக்கு நினைவில்லை. ஆனால் கால் ஆக்ஸிலரேட்டரை அழுத்தியபடியே இருந்தது, இன்ஜின் முழு வேகத்தில் கத்திக்கொண்டிருந்தது.

பின்னால் வந்தவர்களில் ஒருவர் சென்னா. வீடியோவில் நீங்கள் பார்த்தது அதற்கப்புறம் நடந்ததைத்தான். மெக்லாரனை ஓரமாக நிறுத்தி, பெல்ட்டை அவிழ்த்து, மற்ற கார்கள் இன்னும் வந்துகொண்டிருக்கும் தளத்திலேயே ஓடுகிறார். போய்ச் சேர்ந்ததும் அவர் செய்தது இரண்டு காரியம். முதலாவது, இன்ஜினை அணைத்தது. உடைந்த காரில் எரிபொருள் கசிந்துகொண்டிருக்கலாம், இன்ஜினும் புகைக்குழாயும் கொதிக்கின்றன, ஒரு பொறி போதும். இரண்டாவது, மருத்துவர்கள் வரும்வரை கோமாஸின் தலையை அசையாமல் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றது. இந்த இரண்டாவது காரியத்தைப் பலர் கவனிப்பதில்லை. அன்றைய கார்களில் ஓட்டுநரின் தோளும் தலையும் வெளியே தெரியும், பக்கவாட்டில் உயரமான பாதுகாப்பு 1996-ல்தான் வந்தது. கழுத்தைக் காக்கும் ஹான்ஸ் கருவி கட்டாயமானது 2003-ல். இப்படிப்பட்ட மோதலில் முதுகெலும்பில் அடிபட்டிருக்கலாம், தலை முன்னால் தொங்கினால் மூச்சுக்குழாய் அடைபடலாம். முதலில் வருகிறவர் தெரியாமல் தலையைத் திருப்பிவிட்டால் அதுவே ஆளை முடக்கிவிடும். சென்னா அதைத் தெரிந்துதான் செய்தார். 1990-ல் ஹெரேஸில் மார்ட்டின் டானெலி தூக்கியெறியப்பட்டுத் தளத்தில் கிடந்தபோதும் நேரில் போய் நின்று பார்த்தவர் அவர். விபத்து என்றால் கண்ணை மூடிக்கொண்டு கடந்துபோகும் பழக்கம் அவரிடம் இல்லை.

கோமாஸுக்குப் பெரிய காயம் இல்லை. மருத்துவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஓட்டக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். (அந்த ஞாயிறுதான் மைக்கேல் ஷூமாக்கர் தன் முதல் கிராண்ட் பிரியை ஜெயித்தார்.) சென்னாதான் தன் உயிரைக் காப்பாற்றினார் என்பதைக் கோமாஸ் அதற்கப்புறம் எல்லா இடத்திலும் சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

1992 முடிவில் லிஜியே கைமாறியது. புதிய முதலாளி சிரில் தெ ரூவ்ர் 1993-க்கு எடுத்தது இரண்டு இங்கிலாந்துக்காரர்களை, மார்ட்டின் ப்ரண்டிலையும் மார்க் பிளண்டலையும். பிரான்ஸின் தேசிய அணியில் ஒரு பிரெஞ்சு ஓட்டுநர்கூட இல்லை. அதைவிட வருத்தம், கோமாஸ் வெளியே போன அந்த வருஷமே கார் தேறிவிட்டது. ப்ரண்டிலும் பிளண்டலும் சேர்ந்து மூன்று முறை மூன்றாவதாக வந்தார்கள். இரண்டு வருஷம் கஷ்டப்பட்டவருக்குக் கிடைக்காதது புதிதாக வந்தவர்களுக்குக் கிடைத்தது.

கோமாஸ் போனது லரூஸ் அணிக்கு. இன்னொரு பிரெஞ்சு அணி, பணமில்லாத அணி. மறுபடியும் லம்போர்கினி V12. 1993 இத்தாலியப் பந்தயத்தில் ஆறாவதாக வந்து ஒரு புள்ளி எடுத்தார். அதே இன்ஜினை அந்தச் செப்டம்பரில் மெக்லாரன் தன் காரில் போட்டு எஸ்டோரிலில் சோதித்துப் பார்த்தது, ஓட்டியவர் சென்னா. அவருக்குப் பிடித்துப்போனதாம். ஆனால் மெக்லாரன் பேஜோவைத் தேர்ந்தெடுத்தது, லம்போர்கினி ஃபார்முலா 1-ஐ விட்டே போனது. 1994-ல் லரூஸுக்கு ஃபோர்டு V8, முன்பு பெனட்டன் போன்ற அணிகள் ஓட்டி முடித்த இன்ஜின். ஜப்பானின் ஐதாவில் நடந்த பசிபிக் கிராண்ட் பிரியில் கோமாஸ் ஆறாவது. அடுத்த பந்தயம் இத்தாலியின் இமோலா.

இமோலாவில் 1994 ஏப்ரல் 30, சனிக்கிழமை ரோலண்ட் ராட்சன்பெர்கர் இறந்தார். மே 1 ஞாயிறு, பந்தயத்தின் ஏழாவது சுற்றில் சென்னாவின் வில்லியம்ஸ் தம்புரெல்லோ வளைவில் சுவரில் மோதியது. சிவப்புக் கொடி காட்டிப் பந்தயத்தை நிறுத்தினார்கள். அந்த நேரம் கோமாஸின் கார் கோளாறைச் சரிபார்ப்பதற்காக பிட்டில், அதாவது அணிகள் காரைப் பழுதுபார்க்கும் இடத்தில், நின்றது. சிவப்புக் கொடி என்றால் பிட்டிலிருந்து யாரும் வெளியே போகக்கூடாது. அணிக்கும் வாசலில் நின்றவர்களுக்கும் இடையில் எங்கோ தகவல் தவறிப்போய், கோமாஸை வெளியே விட்டுவிட்டார்கள். இமோலாவில் பிட்டை விட்டு வந்தால் முதலில் வரும் வளைவே தம்புரெல்லோதான். என்ன நடந்தது என்றே தெரியாமல் வேகமெடுத்து வந்த கோமாஸைப் பார்த்து மார்ஷல்கள் (தளத்தோரப் பாதுகாப்பு ஊழியர்கள்) வெறிபிடித்த மாதிரி கொடியை வீசினார்கள். தளத்தின் மேலேயே ஆட்கள், வண்டிகள், சென்னாவைத் தூக்கிப்போக வந்த ஹெலிகாப்டர். கோமாஸ் பிரேக் பிடித்துக் கிட்டத்தட்ட அந்த இடத்திலேயே வந்து நின்றார். நேரலையில் வர்ணனை செய்துகொண்டிருந்தவர்கள் அதிர்ச்சியில் கத்தியது பதிவாகியிருக்கிறது.

அங்கே இறங்கி நின்று அவர் பார்த்தது, தரையில் படுக்க வைத்து மருத்துவர்கள் போராடிக்கொண்டிருந்த சென்னாவை. இருபது மாதங்களுக்கு முன்னால் தனக்காக ஓடிவந்தவர். இப்போது செய்ய இவரிடம் ஒன்றுமில்லை. பந்தயம் திரும்பத் தொடங்கியபோது கோமாஸ் காரில் ஏறவில்லை. அன்று ஓட்டக்கூடிய நிலையில் இருந்த மற்றவர்கள் மறுபடி ஓட்டினார்கள், அதற்காக யாரையும் நான் குறை சொல்ல மாட்டேன், அவர்கள் பார்க்காததைக் கோமாஸ் பார்த்திருந்தார். ஃபார்முலா 1-ஐ விட முடிவெடுத்ததற்கு அந்த நாள்தான் காரணம் என்று பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். திருப்பிச் செய்ய முடியவில்லையே என்ற பாரம் வருஷக்கணக்கில் கூடவே இருந்தது என்றும் சொல்லியிருக்கிறார்.

அந்த சீசனை ஜப்பான் பந்தயம் வரை ஓட்டினார். ஜெர்மனியின் ஹாக்கன்ஹைமில் முதல் சுற்றிலேயே பல கார்கள் மோதி வெளியேறிய அந்தப் பந்தயத்தில் ஆறாவது, அவருடைய ஏழாவது புள்ளி. மேடையில் இரண்டாவதும் மூன்றாவதும் நின்றவர்கள் ஒலிவியே பானிஸும் எரிக் பெர்னாரும், அவருடைய பழைய லிஜியே அணிக்காக. ஆஸ்திரேலியாவில் நடந்த கடைசிப் பந்தயத்துக்கு அவர் போகவில்லை. 1995-ல் லரூஸ் அணியே இல்லை.

“அப்புறம் என்ன ஆனார்” என்ற உங்கள் கேள்விக்கு நல்ல பதில் இருக்கிறது. ஜப்பானுக்குப் போனார். அங்கே நடந்த ஜிடி சாம்பியன்ஷிப்தான் இன்றைய சூப்பர் ஜிடி. ஜப்பானுக்கு வெளியே பலர் அதை இரண்டாம்தரப் போட்டி என்று நினைக்கிறார்கள், அது தவறு. டொயோட்டா, நிஸ்ஸான், ஹோண்டா மூன்று நிறுவனங்களும் நேரடியாக இறங்கி, பணத்தைக் கொட்டி மோதிய இடம். ஒரு காரை இருவர் மாறி மாறி ஓட்ட வேண்டும். ஜெயித்தால் அடுத்த பந்தயத்தில் காரில் எடை ஏற்றுவார்கள், ஆகவே ஒரு நாள் மின்னி மறைகிறவர் பட்டம் எடுக்க முடியாது. எடை ஏறிய காரிலும் டயரைக் காப்பாற்றிக்கொண்டு நாலாவது, ஐந்தாவது இடமாவது கொண்டுவரத் தெரிந்தவர்தான் வருஷக் கடைசியில் மேலே நிற்பார். நாலு வருஷம் பின்வரிசைக் கார்களைப் பொறுமையாக ஓட்டிப் பழகியவருக்கு இது கைவந்த கலை.

நிஸ்ஸானின் நிஸ்மோ அணியில், விளம்பரதாரர் பென்சாயிலின் மஞ்சள் நிறம் பூசிய ஸ்கைலைன் ஜிடி-ஆர் காரில், 1998-ல் மசாமி காகெயாமாவோடு சேர்ந்து கோமாஸ் சாம்பியன். 1999-ல் மறுபடியும் சாம்பியன், அந்த வருஷப் பட்டியலில் அவர் பெயர் மட்டும் தனியாக நிற்கிறது. கிரான் டூரிஸ்மோ வீடியோ கேமில் அந்த மஞ்சள் காரை ஓட்டி வளர்ந்த ஒரு தலைமுறையே இருக்கிறது. அதன் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தவர் லிஜியேவில் தகுதிச்சுற்று தாண்டாமல் தவித்த அதே ஆள் என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. 1999 நவம்பரில் ஃபுஜியில் நடந்த 1000 கிலோமீட்டர் பந்தயத்தை நிஸ்ஸானின் R391 காரில் காகெயாமா, மோட்டோயாமா இருவரோடு சேர்ந்து ஜெயித்தார்.

ல மான்ஸ் 24 மணி நேரப் பந்தயம் அவருக்கு நீண்ட நாள் பிடிகொடுக்கவில்லை. 1997-ல் நிஸ்ஸானில் பன்னிரண்டாவது, 1998-ல் ஆறாவது, 1999-ல் கார் பாதியிலேயே நின்றது. 2005-ல், 41 வயதில், ஆன்ரி பெஸ்கரோலோ தன் அணியில் கூப்பிட்டு உட்காரவைத்தார். கூட இமானுவேல் கொலார், ஜான்-கிறிஸ்டோஃப் பூயியோன். அன்று தளத்திலேயே வேகமான கார் அவர்களுடையதுதான், தகுதிச்சுற்றில் முதலிடம். ஆனால் பந்தயத்தின் ஆரம்பத்திலேயே கியர்பாக்ஸ் தொல்லை கொடுத்து நேரம் போனது. மீதி நேரமெல்லாம் துரத்தியும் டாம் கிறிஸ்டென்சனின் ஆடியைப் பிடிக்க முடியவில்லை. இரண்டாவது இடம். இதில் எனக்குப் பிடித்த விஷயம், கூப்பிட்டவர் யார் என்பது. பெஸ்கரோலோவும் ஃபார்முலா 1-ல் 57 பந்தயம் ஓட்டி 12 புள்ளி எடுத்தவர்தான், மேடையேறியது ஒரே ஒரு முறை, 1970 மொனாக்கோவில். அதே மனிதர் ல மான்ஸில் 33 முறை ஓட்டி நாலு முறை ஜெயித்தவர். ஃபார்முலா 1 புள்ளிப் பட்டியலை வைத்து ஓட்டுநரை எடைபோடக்கூடாது என்பது அவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அடுத்த வருஷமும் அதே அணியில் ல மான்ஸ் ஓட்டி ஐந்தாவதாக வந்தார் கோமாஸ். அப்புறம் பழைய ரேலி கார்களின் பக்கம் திரும்பி, 1970-களின் லான்சியா ஸ்ட்ராட்டோஸ் ஒன்றை எடுத்துக்கொண்டு ஐரோப்பாவின் பாரம்பரிய ரேலிகளில் ஓட்டினார். ஓட்டுவதற்கு மகா முரட்டுக் கார் அது. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையில் தூரம் குறைவு, முதுகுக்குப் பின்னால் ஃபெராரி V6, கொஞ்சம் அசந்தால் வால் முன்னால் வந்துவிடும். ஸ்பா வீடியோவைப் பார்த்துவிட்டீர்கள், அடுத்து அவர் அந்த ஸ்ட்ராட்டோஸை மலைப்பாதையில் திருப்பும் வீடியோக்களைத் தேடிப் பாருங்கள்.